‘ராஜி’ பெற்ற வரவேற்பு

இந்தியாவில் வீடியோ கேம் தொழில் நெடுங்காலம் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் ஒப்பந்த வேலையாகவே இருந்தது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு குழு 2017-இல் தன் சொந்தக் கதை கொண்ட விளையாட்டுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் நிதி கேட்டது, இலக்கை எட்டவில்லை. ஆனாலும் அந்த விளையாட்டு, ‘ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக்’, 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சிலும் அக்டோபரில் பிற கருவிகளிலும் வெளிவந்தது.

அசுரர் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடும் சிறுமியின் கதை இது. சுவரேறித் தாவுவதும் சண்டையும், இடையிடையே வட்டத் துண்டுகளைச் சுழற்றி ஓவியத்தைப் பொருத்தும் புதிர்களும் உண்டு. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்ல, இடைக்காட்சிகள் நிழற்பாவைகளாக ஓடும். திருவாரூர் உள்ளிட்ட பழைய தஞ்சைச் சீமையில் தோல்பாவைக் கூத்தில் இராமாயணம் பார்த்தவர்களுக்கு அந்தத் திரை அந்நியமாகத் தெரியாது.

விமர்சகர்கள் ஓவியத்தையும் இசையையும் மனமாரப் பாராட்டினர். சண்டையின் தடுமாற்றத்தையும், சில மணி நேரத்திலேயே சட்டென அறுந்து நிற்கும் முடிவையும் குறை கூறினர். இரண்டும் நியாயமே, அதிலும் அந்த முடிவு உண்மையாகவே ஏமாற்றம் தருகிறது. ஆயினும் அவ்வாண்டு தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுக இண்டி (சிறு சுயாதீனக் குழுவின்) விளையாட்டுக்கான 5 பரிந்துரைகளில் ராஜியும் இருந்தது. பரிசை ‘ஃபாஸ்மோஃபோபியா’ பெற்றது.