எதிர்த்தவர் பெயர் தாங்கிய அங்காடி

புனே நகரில் வாழும் நம்மவருள் மண்டயியை அறியாத குடும்பம் இராது. நம் ஊர் மண்டியை நினைவூட்டும் இம்மராத்திச் சொல்லைத் தமிழில் சற்றே பிசகி எழுதினால் 'மண்டை' ஆகிவிடும்! காய்கறி வாங்கும் அவசரத்தில் நாம் அண்ணாந்து பார்க்க மறக்கும் அக்கட்டடத்தின் வரலாறு சுவை மிக்கது.

முற்காலத்தில் இந்நகரின் காய்கறிச் சந்தை, பேஷ்வாக்களின் சனிவார் வாடாவுக்கு முன்னுள்ள திறந்தவெளியில் கூடிற்று. வெயிலும் மழையும் அதற்குக் கூரை. கூரையுள்ள அங்காடி ஒன்றை எழுப்ப நகராட்சி முனைந்தது. 1869-இல் பம்பாயில் எழுந்த கிராஃபோர்டு அங்காடி கண்முன் இருந்தது. புனேயின் புதிய அங்காடி 1886-இல் திறக்கப்பெற்று, அந்நாளைய பம்பாய் கவர்னர் ரே பிரபுவின் பெயரால் 'ரே மார்க்கெட்' எனப்பட்டது. கட்டி முடித்தவர் வாசுதேவ் கானிட்கர்.

நடுவே எண்கோணக் கோபுரம், அதிலிருந்து சூரியக் கதிர்களென நாற்புறமும் நீளும் கூடங்கள், கூரிய வளைவுகள், சாய்வுக் கூரைகள். மேனாட்டுக் கோதிக் பாணியை நம் காய்கறிக் கூடைகளுக்கு இசைவித்த திறம் பாராட்டற்குரியது. எக்கூடத்தில் நுழைந்தாலும் நடுவிடம் வந்து சேரலாம். நீண்டொடுங்கிய கூடங்களாதலின் இருபுறமும் வெளிச்சமும் காற்றும் புகும். அழுகும் பண்டம் விற்கும் இடத்திற்கு இவை அணிகலன் அல்ல, தேவை.

ஆயினும் இதற்குச் செலவிடுவதை நகராட்சி உறுப்பினராயிருந்த ஜோதிராவ் ஃபுலே எதிர்த்தார். அப்பணம் கல்விக்குச் செல்லவேண்டும் என்பது அவர் கட்சி. 1848-இலேயே இந்நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர் வேறென்ன கூறுவார்? அவர் பூவும் காய்கறியும் விற்ற குடியிற் பிறந்தவர்; கட்டட ஒப்பந்தத் தொழிலும் அறிந்தவர். சந்தையின் அருமையோ கல்லின் விலையோ தெரியாமல் பேசினார் என்று எவரும் தள்ளிவிட முடியாது. கட்டடத்தை வியக்கும் நாமும் அவ்வெதிர்ப்பை நியாயமென்றே கருதுகிறோம். எழுத்தறியாச் சிறுமியர் நிறைந்த நகரில் கோபுரம் காத்திருந்திருக்கலாம்.

ஃபுலே 1890-இல் மறைந்தார். 1938-இல், நகராட்சியில் இடம்பெற்றிருந்த எழுத்தாளர் ஆசார்ய அத்ரேயின் முயற்சியால், ரே பிரபுவின் பெயர் நீங்கி 'மகாத்மா ஃபுலே மண்டயி' என்றாயிற்று. பின்னாளில் பம்பாயின் கிராஃபோர்டு அங்காடிக்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது. அத்ரே அத்துடன் நிற்கவில்லை. 1954-இல் ஃபுலேயின் வாழ்க்கையைத் திரைப்படமாகவும் எடுத்தார்.