சி.சி.என்.ஏ. தேர்வும் அதற்கான பயிற்சியின் வரலாறும்

சி.சி.என்.ஏ. என்பது கணினி வலையமைப்புத் துறையில் நுழைவோருக்காக அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வாகும். "சிஸ்கோ சர்டிஃபைடு நெட்வொர்க் அசோசியேட்" என்பதன் சுருக்கமே இப்பெயர். 1998 இல் தொடங்கிய இத்தேர்வின் பாடத்திட்டம் பலமுறை மாறியுள்ளது. மாணவர்கள் இதற்கு ஆயத்தமாகும் முறையும் கூடவே மாறியது. நூலை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்ற ஒருவரை நம்பி ஒரு நிறுவனத்தின் வலையமைப்பை ஒப்படைக்க முடியுமா என்ற கேள்வி இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது.

தோற்றம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினிப் பணியில் இருந்த லெனார்டு போசாக், சாண்டி லெர்னர் ஆகிய இருவரும் 1984 டிசம்பரில் சிஸ்கோவைத் தொடங்கினர். வெவ்வேறு வலையமைப்புகளை இணைத்து, தரவுப் பொட்டலங்களை உரிய வழியில் அனுப்பும் ரவுட்டர் என்னும் திசைவியே அதன் முதன்மைப் பொருளாயிற்று. 1990களில் இணையம் பரவியபோது, இக்கருவிகளை அமைத்துப் பராமரிக்கத் தெரிந்தவர்களின் தேவை பெருகியது.

சிஸ்கோ முதலில் தொடங்கியது தொடக்கநிலைத் தேர்வை அன்று. 1993 இல் வல்லுநர்களுக்கான சி.சி.ஐ.இ. தேர்வு வந்தது. அதில் எழுத்துத் தேர்வுடன் இரண்டு நாள் செய்முறைத் தேர்வும் இருந்தது. அதன் சான்றிதழ் எண்கள் 1024 இலிருந்து தொடங்கின. 2 என்ற எண்ணைப் பத்து முறை பெருக்கினால் வரும் இந்த எண் கணினித் துறையினருக்கு நன்கு பழக்கமானது. ஐந்து ஆண்டுகள் கழித்தே, அதே ஏணியின் கீழ்ப்படியாக சி.சி.என்.ஏ. அமைந்தது.

பள்ளிகளின் பங்கு

தொடக்கநிலைப் பயிற்சி பரவியதில் பள்ளிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் வலையமைப்புகளை நிறுவியபோது, அவற்றைப் பராமரிக்க அங்கு ஆட்கள் இல்லை என்பதை சிஸ்கோ பொறியாளர் ஜார்ஜ் வார்டு கண்டார். மாணவர்களுக்கே அப்பணியைக் கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. அதிலிருந்து 1997 இல் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாதமி உருவாயிற்று. ஏழு மாநிலங்களில் 64 கல்வி நிறுவனங்களுடன் தொடங்கிய இத்திட்டம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. நான்கு பருவங்களாகப் பிரிக்கப்பட்ட அதன் பாடம், மாணவர்களை சி.சி.என்.ஏ. தேர்வுக்கு ஆயத்தம் செய்தது.

மனப்பாடமும் செய்முறையும்

1990களில் நோவெல் நிறுவனத்தின் வலையமைப்புத் தேர்வுகள் புகழ்பெற்றிருந்தன. கருவியைத் தொடாமல் நூலறிவால் மட்டும் அவற்றில் தேர்ச்சி பெற்றவர்களைத் துறையினர் "காகிதப் பொறியாளர்கள்" எனக் கேலி செய்தனர். பல விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களால் அமைந்த சி.சி.என்.ஏ. தேர்வுக்கும் அதே ஆபத்து இருந்தது. 2000களின் தொடக்கத்தில், திரையில் தோன்றும் போலி ரவுட்டரில் கட்டளைகளை இட்டு விடையளிக்கும் வினாக்கள் சேர்க்கப்பட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைத் தேர்வே சொல்லத் தொடங்கியது.

ஆனால் பயிற்சிக்குக் கருவி வேண்டும். வசதியுள்ளோர் 2500 வரிசை போன்ற பழைய ரவுட்டர்களை வாங்கி வீட்டிலேயே இணைத்துப் பழகினர். மற்றவர்களுக்குக் கைகொடுத்தது மென்பொருள். அகாதமி மாணவர்களுக்காக உருவான பாக்கெட் டிரேசர், ரவுட்டர், ஸ்விட்ச், கணினி ஆகியவற்றைத் திரையிலேயே இணைத்துப் பார்க்க உதவுகிறது. தவறான கட்டளை இட்டால் எந்த இணைப்பு அறுகிறது என்பதையும் அங்கேயே காணலாம். ஒரே கணினியில் முழு ஆய்வகம் அமைந்ததால், செய்முறைப் பயிற்சி பணம் படைத்தோர்க்கு மட்டும் உரியதாக இல்லாமற் போனது.

இதற்கு எதிர்த்திசையில் வளர்ந்தது "டம்ப்" எனப்படும் வினாக்கசிவு. தேர்வில் வந்த வினாக்களைத் திரட்டி விற்பதும் அவற்றை மட்டும் படிப்பதும் தேர்வு ஒப்பந்தத்துக்கு முரணானவை. கண்டறியப்பட்டால் சான்றிதழ் பறிக்கப்படலாம். பிடிபடாதவர்க்கும் இழப்பு உண்டு. நேர்முகத் தேர்விலோ, பணியில் முதல் முறை வலையமைப்பு முடங்கும்போதோ அந்தச் சான்றிதழ் துணைக்கு வராது.

பாடத்திட்ட மாற்றங்கள்

தொடக்கப் பாடத்திட்டத்தில் இருந்த ஐ.பி.எக்ஸ்., ஐ.எஸ்.டி.என்., ஃபிரேம் ரிலே போன்றவை வழக்கொழிந்தபோது நீக்கப்பட்டன. ஐ.பி. பதிப்பு 6, கம்பியில்லா வலையமைப்பு, பாதுகாப்பு ஆகியவை சேர்ந்தன. இத்தேர்வை இரு பகுதிகளாகவும் எழுத முடிந்தது. 2007 முதல், முதற்பகுதியில் வென்றவர்க்கு சி.சி.இ.என்.டி. என்ற தனிச் சான்றிதழ் கிடைத்தது. 2020 பிப்ரவரி 24 அன்று அது நிறுத்தப்பட்டு, 200-301 என்ற எண்ணுடைய ஒரே தேர்வு நடைமுறைக்கு வந்தது. அதன் நேரம் 120 நிமிடங்கள். விடையளித்த வினாவுக்குத் திரும்பிச் செல்ல இயலாது. சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். நிரல்வழித் தன்னியக்கமும் இப்பாடத்திட்டத்தில் 10 விழுக்காடு இடம்பெற்றது.

மாறாத கணக்கு

எத்தனை மாற்றம் வந்தாலும் சப்நெட் எனப்படும் துணை வலையமைப்புக் கணக்கு நிலைத்து நின்றது. ஐ.பி. பதிப்பு 4 முகவரி 32 பிட்டுகள் கொண்டது. எடுத்துக்காட்டாக, 192.168.10.77/26 என்ற முகவரியில் முதல் 26 பிட்டுகள் வலையமைப்பைக் குறிக்கும். எஞ்சிய 6 பிட்டுகளால் 64 முகவரிகள் கிடைக்கும். ஆகவே வலையமைப்புகள் 0, 64, 128, 192 எனத் தொடங்கும். 77 என்பது 64க்கும் 127க்கும் இடையில் உள்ளது. 64 வலையமைப்பின் முகவரி. 127 அனைவர்க்கும் ஒருங்கே செய்தி அனுப்பும் முகவரி. கருவிகளுக்குத் தரக்கூடியவை 65 முதல் 126 வரையிலான 62 முகவரிகள்.

இக்கணக்கின் விடையை மட்டும் மனனம் செய்வதால் பயனில்லை. எண் மாறினால் விடையும் மாறிவிடும். இரண்டின் அடுக்குகளை அறிந்து, தாளில் நாள்தோறும் சில கணக்குகள் போட்டுப் பழகியவர்க்கு இது ஒரு நிமிட வேலை. பணியிலும் இரு கணினிகள் ஏன் ஒன்றையொன்று எட்டவில்லை என்று ஆராய்பவர், அவை ஒரே சப்நெட்டில் உள்ளனவா என்பதை இதே கணக்கால்தான் சரிபார்க்கிறார்.