அனுபவமும் அதிகாரமும்: வன்னியிற் பொலிஸ் ஆட்சேர்ப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே காவலர் சிலர் கோவலனைச் சூழ்ந்து நிற்கின்றனர். அவனது தோற்றத்தைக் கண்டதும் இவன் கள்வனல்லன் என்ற ஐயம் அவர்களுக்குத் தோன்றுகின்றது. பொற்கொல்லன் களவு நூலை எடுத்தோதி அவ்வையத்தைக் கலைக்க முயல்கிறான். இளைய காவலனொருவன், மழை பெய்யும் நள்ளிரவொன்றிற் கள்வன் ஒருவனிடம் தன் வாளைப் பறிகொடுத்த கதையைக் கூறுகிறான். அவர்கள் தயங்கி நிற்கும் வேளையில், கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை ஓச்சிவிடுகிறான். காவற்றொழிலில் அனுபவம் என்பது யாது, அது யாருடைய சொல்லுக்குப் பணிந்து செயற்படுகின்றது என்ற வினாவை இக்காட்சி எழுப்புகின்றது. அனுபவமுள்ளோரின் ஐயம் அங்கு நியாயமானதாகவே இருந்தது. ஆயின், அரசாணையும் அரண்மனைச் செல்வாக்கும் இணைந்தபோது அவ்வையத்துக்கு மதிப்பில்லாது போயிற்று.

பரந்தனை மையமாகக் கொண்டு வன்னிப் பெருநிலத்தின் காவலமைப்பு வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொலிஸ் படைக்கு அனுபவமுள்ளோரைத் திரட்டுதல் வெறும் நிருவாகச் சிக்கலாகவே பொதுவாக எண்ணப்படுகின்றது. அது அரசின் வர்க்க இயல்பையும் தேசிய இனப் பிரச்சினையின் உள்ளடக்கத்தையும் ஒருங்கே வெளிப்படுத்தும் ஒன்று என்பதே நமது கருத்து.

அரசு தோன்றும்போது மக்களினின்றும் வேறுபட்டு நிற்கும் ஆயுதந்தாங்கிய படையொன்றும் தோன்றுகின்றது என்பது மார்க்சிய மூலவர்களின் முடிபு. பண்டைய ஏதென்சிற் காவற்பணி புரிந்தோர் சிதிய அடிமைகள் என்பதையும், சுதந்திரக் குடிமகன் அப்பணியை இழிவெனக் கருதினான் என்பதையும் ஏங்கெல்ஸ் 1884இல் வெளிவந்த தமது நூலிற் சுட்டிக்காட்டினார். ஆளப்படுவோரைக் காக்க வெளியாரைக் கொணரும் இவ்வழக்கம் பிரித்தானியப் பேரரசிலே முழுமையான ஓர் அமைப்பாக வளர்ந்தது. 1829இல் நிறுவப்பட்ட இலண்டன் மாநகரப் பொலிஸ் ஆயுதமின்றி ரோந்து செல்லும் படையாயிருக்க, அயர்லாந்தின் பொலிஸ் ஆயுதம் பூண்டு, படைமுகாம்களில் தங்கி, மையத்திலிருந்து ஆணைபெறும் படையாயிருந்தது. குடியேற்ற நாடுகளுக்கு ஏற்றுமதியானது பெரும்பாலும் இவ்விரண்டாவது மாதிரியே.

இலங்கையின் கிராமப்புறங்களிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பொலிஸ் விதானைமார் நியமிக்கப்பட்டனர். சம்பளம் பெறும் பொலிஸ் நகரங்களுக்கும், ஊர்த்தலைமை கிராமங்களுக்கும் உரியதாயிற்று. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டம் பொலிஸ் படைக்குச் சட்ட உருவம் தந்தது. அடுத்த ஆண்டு, 1866 செப்டெம்பர் 3ஆம் நாள், ஜோர்ஜ் வில்லியம் றொபேட் கம்பெல் அப்படையின் தலைமையை ஏற்றார். அவர் பம்பாய் மாகாணத்தின் இரத்தினகிரியிற் காவற்படையொன்றை நடத்தி அனுபவம் பெற்றவர். இலங்கையின் நவீன பொலிஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது, அனுபவமுள்ள ஓர் அதிகாரி வேறொரு குடியேற்றப் படையிலிருந்து சேர்த்துக்கொள்ளப்பட்ட நாளையே என்பது ஊன்றி நோக்கத்தக்கது. 1873இல் இலங்கை றைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்டபின் மலாய் வீரர் பலர் பொலிசிற் சேர்ந்தனர். ஆளப்படும் பெரும்பான்மையினரோடு மொழியாலும் சமயத்தாலும் ஒட்டாதவர்களைக் காவற்பணியில் அமர்த்துதல் ஆட்சியாளருக்கு வசதியாயிருந்தது.

இவ்வனுபவம் ஒரு திசையில் மட்டும் பாயவில்லை. 1913 முதல் 1937 வரை பொலிஸ் மா அதிபராயிருந்த ஹேர்பேட் டௌபிகின், 1915ஆம் ஆண்டுக் கலவர காலத்து ஒடுக்குமுறையின்போது அப்பதவியில் இருந்தவர். 1929ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின்னர், பலஸ்தீனப் பொலிசைச் சீரமைக்க 1930இல் அறிக்கை எழுதுமாறு அவரே அனுப்பப்பட்டார். அயர்லாந்திற் பணிபுரிந்தோர் 1922இற் பலஸ்தீனத்துக்குச் சென்றனர். பலஸ்தீனத்தில் அனுபவம் பெற்றோர் 1948இன் பின் மலாயாவுக்குச் சென்று, அங்கு எழுந்த பொதுவுடைமையர் போராட்டத்தை ஒடுக்கும் பணியிற் சேர்ந்தனர். பேரரசின் சந்தையில் அனுபவம் ஒரு பண்டமாயிற்று. அதன் பயன்பெறுமதி, போராடும் மக்களை அடக்கும் ஆற்றலிலேயே அளக்கப்பட்டது.

வன்னியின் நிலை சற்று வேறுபட்டது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிற் கற்சிலைமடுவிலே தோற்கடிக்கப்பட்டான். வன்னிமையின் எச்சங்கள் மறைந்தபின், மலேரியாவும் குளங்களின் சிதைவும் இப்பெருநிலத்தை மக்கள் அடர்த்தி குறைந்த பகுதியாக்கின. அங்கு அரசாங்க அதிபரின் அதிகாரம் மணியகாரர், உடையார், விதானை என்ற படிநிலையினூடாகவே ஊர்களைச் சென்றடைந்தது. நிலையான மாதச் சம்பளம் பெறாத இவ்வூர்த்தலைமைக்காரர் பெரும்பாலும் நிலவுடைமை வேளாளக் குடும்பங்களினர். ஊரையும், உறவுமுறையையும், மாட்டுக் குறிகளையும், வயல் எல்லைகளையும் அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவு உண்மையான அனுபவமே. ஆயின் அது சாதிப் படிநிலையின் உச்சியிலிருந்து பெறப்பட்ட அனுபவம். ஒடுக்கப்பட்ட சாதியினன் ஒருவன் நிலவுடைமையாளன்மீது முறைப்பாடு செய்யவேண்டின், அம்முறைப்பாட்டைக் கேட்கவேண்டியவர் அந்நிலவுடைமையாளனின் உறவினராயிருத்தல் வழமை. உள்ளூர் மனிதரே உள்ளூரைக் காக்கவேண்டும் எனக் கோருவோர் இதனை மறத்தலாகாது.

1920இல் நிறைவுற்ற இரணைமடுக் குளமும் 1930களிற் கிளிநொச்சியில் ஏற்பட்ட குடியேற்றமும் இந்நிலத்தின் உற்பத்தியுறவுகளை மாற்றின. குடாநாட்டில் நிலமற்றிருந்தோர் இங்கு நெல் விளைவித்தனர். முல்லைத்தீவு வீதி கண்டி வீதியிலிருந்து பிரியும் பரந்தன் சந்தி வளர்ந்தது. சுதந்திரத்தின் பின் அங்கு அமைந்த இரசாயனத் தொழிற்சாலை கூலித் தொழிலாளர் கூட்டமொன்றையும் உருவாக்கிற்று. பழைய ஊர்த்தலைமை இப்புதிய சமுதாயத்துக்குப் பொருந்தாதாயிற்று. 1963இல் அப்பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் நியமிக்கப்பட்டனர். இது முற்போக்கான நடவடிக்கையே. எனினும் ஊர்க்காவற் பொறுப்பு இதன்வழி முழுமையாகப் பொலிசின் கைக்கு மாறியபோது, அப்பொலிஸ் எத்தகையதாயிருந்தது என்பதே வினா.

1947இல் சேர் றிச்சட் அலுவிகார இலங்கையரான முதற் பொலிஸ் மா அதிபரானார். அவரும் பொலிசிலிருந்து உயர்ந்தவரல்லர். சிவில் சேவையிலிருந்து கொணரப்பட்டவர். 1956இன் சிங்களம் மட்டும் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் வாயிலைத் தமிழ்மொழியாளருக்குக் குறுக்கிற்று. 1962இல் நிகழ்ந்த சதிப்புரட்சி முயற்சியில் உயர் பொலிஸ், இராணுவ அதிகாரிகள் பலர் சம்பந்தப்பட்டனர். அவர்களிற் பலர் ஆங்கிலம் கற்ற கிறித்தவர். அதன்பின் ஆட்சியாளர் ஆட்சேர்ப்பிற் சிங்கள பௌத்தப் பின்னணிக்கு முதன்மை தரலாயினர். கிராமத்துச் சிங்கள இளைஞன் கொழும்பு மேட்டுக்குடியின் இடத்தைப் பெற்றதில் ஒருவகை ஜனநாயகக் கூறு இருந்தது. ஆயின் அதே மாற்றம் வடக்கிலே தமிழறியாத கொன்ஸ்டபிளையே காவல் நிலையத்தின் வாயிலில் நிறுத்திற்று. இம்முரண்பாட்டை ஒருபுறமாக மட்டும் நோக்குவோர் வரலாற்றைத் தவறாகவே விளங்கிக்கொள்வர்.

தமிழ் அதிகாரிகள் முற்றாக இல்லாமற் போகவில்லை. அவர்களின் மொழியறிவு உளவுப் பணிக்கு வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளை 1978 ஏப்ரலிற் கொல்லப்பட்டமை, அத்தகைய அனுபவம் எவ்வாறு இருபுறத்தும் மரணத்தின் காரணியாயிற்று என்பதைக் காட்டுகின்றது. 1981 மே இறுதியில் யாழ்ப்பாணத்திற் பொலிசார் கட்டவிழ்த்துவிட்ட வன்முறையின் நடுவே யாழ். பொது நூலகம் எரிந்தது. 1983 யூலை இனப்படுகொலை நாட்டைச் சூழ்ந்தபோது பொலிஸ் மா அதிபராயிருந்தவர் றுத்ரா இராஜசிங்கம் என்னுந் தமிழரே. தலைமையில் ஒரு தமிழர் இருத்தலால் அரசு இயந்திரத்தின் இயல்பு மாறிவிடாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. 1984இல் உருவான விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சியளிக்க, பிரித்தானிய விசேடப் படைகளில் இருந்து விலகியோரைக் கொண்ட கீனி மீனி சேர்விசஸ் என்ற தனியார் நிறுவனம் அமர்த்தப்பட்டது. பேரரசு மறைந்தபின்னும் அதன் அனுபவச் சந்தை மறையவில்லை.

இனி, வன்னியின் தனித்த அனுபவத்துக்கு வருவோம். 1991இல் விடுதலைப் புலிகள் தமிழீழக் காவற்றுறையைத் தொடங்கினர். அதன் பொறுப்பாளராயிருந்த பா. நடேசன், முன்னர் இலங்கைப் பொலிசிற் பணியாற்றியவர். எதிர்த்துப் போராடிய அரசின் படையிலேயே தொழில் கற்ற ஒருவரிடம் புதிய படையை ஒப்படைத்தமை தற்செயலன்று. புகார்ப் பதிவு, விசாரணை முறை, சீருடை, பதவிப்படி ஆகியவற்றை வெறுமையிலிருந்து உருவாக்க இயலாது. யாழ்ப்பாணம் 1995இற் கைவிடப்பட்ட பின் இக்காவற்றுறை வன்னிக்கு நகர்ந்து, பின்னாளிற் கிளிநொச்சியை நடுவமாகக் கொண்டது. இளநீலச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும் அணிந்த காவலரிடம் மக்கள் தம் மொழியிலே முறையிடக்கூடியதாயிருந்தது. இது சிறிய பேறன்று. எனினும், அக்காவற்றுறையும் அதன் நீதிமன்றுகளும் ஒரே இயக்கத்துக்கே பொறுப்புக் கூறின. இயக்கத்துக்கு எதிராக முறையிட எங்குஞ் செல்ல வழியிருக்கவில்லை. தேசிய ஒடுக்குமுறைக்கு எதிராக எழுந்த அமைப்பொன்று, தன்னை எதிர்த்துப் பேசும் மக்களுக்கு இடந்தராவிடின், பழைய அரசின் வடிவத்தையே மறுபடைப்புச் செய்கின்றது. 2009 ஜனவரித் தொடக்கத்திற் பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாயின. அவ்வாண்டு மே மாதத்தில் அக்காவற்றுறை, அதனை உருவாக்கிய இயக்கத்தோடு மறைந்தது.

சட்டரீதியான மாற்று வழியொன்று 1987 முதல் ஏட்டில் உள்ளது. இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்த 13ஆம் திருத்தம் பொலிசைத் தேசியப் பிரிவு, மாகாணப் பிரிவு என வகுத்தது. மாகாணப் பிரதிப் பொலிஸ் மா அதிபரும், சனாதிபதியைக் கலந்து நியமிக்கப்படும் ஒருவரும், முதலமைச்சரின் நியமனத்தவர் ஒருவரும் கொண்ட மூவர் ஆணைக்குழுவை அது விதித்தது. உயர் அதிகாரிகள் தேசியப் பிரிவிலிருந்து அனுப்பப்பட, கீழ்நிலையினர் மாகாணத்திலேயே சேர்க்கப்படுவர் என்பது அதன் ஏற்பாடு. இதன் உள்ளடக்கத்தை நோக்குமிடத்து, அனுபவம் மேலிருந்து வரும், மொழியும் உடலுழைப்பும் கீழிருந்து வரும் என்ற பழைய பகுப்பு புலப்படும். அக்குறைபாட்டுடனேனும் அது நடைமுறைக்கு வந்ததா எனின், இல்லை. 2013இல் தெரிவான வட மாகாண சபை, 2018இல் அதன் பதவிக்காலம் முடிவுறும்வரை பொலிஸ் அதிகாரமின்றியே இயங்கிற்று. மறுபுறம், போரின்பின் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்னாட் போராளிகளைப் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் சம்பளத்துக்கு அமர்த்தியது. வேலையற்ற வன்னியிலே அச்சம்பளம் குடும்பங்களின் உயிர்நாடி. அதைப் பெற்றோரை நாம் பழிக்க முடியாது. பட்டினியை ஆட்சேர்ப்பின் கருவியாக்கிய அமைப்பையே வினவவேண்டும்.

உலக அனுபவம் இரண்டை ஒப்புநோக்குதல் பயனுடையது. ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான கவுண்டிகளில் ஷெரிப் மக்களால் வாக்களித்துத் தெரிவுசெய்யப்படுகிறார். அவரது திணைக்களம் வேறு திணைக்களங்களிற் பயிற்சி பெற்றோரை, முன்னைய சேவையை மதித்துச் சேர்த்துக்கொள்கிறது. பயிற்சிச் செலவும் காலமும் மிஞ்சுகின்றன. ஆயின் ஓரிடத்தில் முறைகேட்டுக்காக விலக்கப்பட்டவர் இன்னோரிடத்தில் அனுபவசாலியாக நுழையும் அபாயமும் அங்கு பெரும் விவாதத்துக்குள்ளாகியுள்ளது. அனுபவத்தை ஆண்டுக் கணக்கில் அளத்தல் போதாது. அதன் நடத்தைப் பதிவேட்டையும் திறந்து பார்க்கவேண்டும்.

வட அயர்லாந்து நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம். 1999இல் வெளிவந்த பற்றன் ஆணைக்குழுவின் பரிந்துரைகளையடுத்து 2001இற் பழைய பொலிஸ் புதிய பெயருடன் மீளமைக்கப்பட்டது. பழைய அதிகாரிகள் பலர் ஓய்வூதியக் கொடைகளுடன் விலகினர். புதிதாகச் சேர்ப்போரிற் கத்தோலிக்கர் பாதி, ஏனையோர் பாதி என்ற விதி 2011 வரை நடைமுறையிலிருந்தது. ஏறத்தாழ 8 சதவீதமாயிருந்த கத்தோலிக்கர் பங்கு 30 சதவீதத்தை எட்டிற்று. பொலிசைக் கண்காணிக்க அரசியற் பிரதிநிதிகளும் பொதுமக்களுங் கொண்ட சபையும் அமைந்தது. குடியேற்ற நாடுகளுக்கு ஆயுதப் பொலிஸ் மாதிரியை வழங்கிய அயர்லாந்திலேயே அம்மாதிரி இவ்வாறு திருத்தப்பட்டமை வரலாற்றின் நகைமுரண் எனலாம். வர்க்க உறவுகள் அங்கு மாறிவிடவில்லை; எனினும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவன் காவல் நிலையத்தின் படியேறும் நிலைமை மாறிற்று.

பரந்தனில் நெல் களவுபோன விவசாயி ஒருவரையோ, வீட்டு வன்முறைக்காளான பெண்ணொருவரையோ எண்ணிப் பார்ப்போம். தாம் தமிழிற் கூறியது வேறு மொழியில் எழுதப்பட, அதன்கீழ்க் கையொப்பமிட நேரும் எவருக்கும் சட்டம் அந்நியமாகவே இருக்கும். ஆதலின் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்று. காவற்பணிக்குச் சேர்க்கப்படுவோரின் அனுபவத்தில் மக்களின் மொழியறிவும் வாழ்வறிவும் தகுதியாகக் கணிக்கப்படல் வேண்டும். மாற்றலாகி வரும் எவ்வதிகாரியினதும் கடந்தகால நடத்தை, முன்னைய படை எதுவாயினும், சுயாதீனமாக ஆராயப்படல் வேண்டும். ஆட்சேர்ப்பை மேற்பார்க்கும் சபையில் ஒடுக்கப்பட்ட சாதியினரும், பெண்களும், உழைப்பாளரும் இடம்பெறல் வேண்டும். அன்றேல் உள்ளூர்க் காவல் என்பது பழைய விதானையின் மீள்வருகையாகவே முடியும்.

கோவலனைச் சூழ்ந்து நின்ற காவலரின் ஐயத்துக்குச் செவிகொடுக்கும் அவையொன்று அன்று மதுரையில் இருந்திருப்பின், வாள் ஓச்சப்பட்டிராது. அத்தகைய அவையை அமைக்கும் பொறுப்பு இன்று மக்களின் அரசியலுக்கே உரியது.