காணாமற்போதலின் இலக்கணம்

ஸ்பானிய மொழி பயிலத் தொடங்குபவர் விரைவிலேயே சந்திக்கும் வினைச்சொற்களுள் ஒன்று 'தெஸாபரெஸேர்'. மறைதல், காணாமற்போதல் என்று பொருள். தோன்றுதலைக் குறிக்கும் 'அபரெஸேர்' என்ற வினையின் முன் எதிர்மறை ஒட்டு சேர்ந்து பிறந்த சொல் இது. மேகம் மறையும்; மேசைமேல் வைத்த சாவி காணாமற்போகும். நம் இலக்கண மரபில் சொல்வதானால், பெரும்பாலும் இது செயப்படுபொருள் குன்றிய வினை. மறைபவர் மட்டும் போதும். இன்னொருவர் கை வேண்டியதில்லை.

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1983 வரை நீடித்த அவ்வாட்சியில் ஆயிரக்கணக்கானோர் வீடுகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் தூக்கிச் செல்லப்பட்டு, இரகசிய முகாம்களில் வதைக்கப்பட்டனர். பலர் மயக்க மருந்து ஏற்றப்பட்டு விமானங்களிலிருந்து கடலில் வீசப்பட்டனர். உடலில்லை; வழக்கில்லை; கைது செய்ததற்குப் பதிவுமில்லை. 1979 டிசம்பரில் செய்தியாளர் ஒருவர் இதுபற்றிக் கேட்டபோது, காணாமற்போனவர் உயிரோடும் இல்லை, இறந்தும்விடவில்லை என்ற பொருள்பட விடையளித்தார் அதிபர் விதேலா. தன்வினை அவருக்கு வசதியாக இருந்தது. அந்த வாக்கியத்தில் போனவர் மட்டுமே உண்டு, கொண்டுபோனவர் கிடையாது.

1977 ஏப்ரல் 30 அன்று புவேனஸ் ஐரெஸின் மே சதுக்கத்தில் சில அன்னையர் கூடினர். பின்னர் வெள்ளைத் தலைத்துணி அணிந்து வியாழன்தோறும் அங்கே சுற்றிவந்தனர். 'உயிரோடு தோன்ற வேண்டும்' என்பது அவர்கள் முழக்கமாயிற்று. மூலவினையையே அவர்கள் திருப்பிக் கேட்டார்கள் எனலாம்.

மக்கள் வழக்கில் வினையும் மாறிற்று. 'காணாமற்போனான்' என்பதோடு 'அவனைக் காணாமலாக்கினார்கள்' என்ற தொடரும் நிலைபெற்றது. எழுத்தாளர் எர்னெஸ்தோ சாபாதோ தலைமையிலான ஆணையம் 1984இல் 8,960 பேரைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன.

இந்த மாற்றம் நமக்கு அயலானதன்று. இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவித்த அலுவலகத்தின் பெயர் 'காணாமற்போன ஆட்கள்' என்கிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவினர்களோ 'வலிந்து காணாமலாக்கப்பட்டோர்' என்கிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு துணைவினை மட்டுமே. ஆனால் குற்றம் நடந்ததா இல்லையா என்ற வழக்கே அதற்குள் அடங்கியிருக்கிறது.

எனினும் செயப்பாட்டுவினையும் பாதி வழிதான் வருகிறது. 'ஆக்கப்பட்டோர்' என்னும்போதே, யாரால் என்று கேட்க நம் இலக்கணம் இடம் வைத்திருக்கிறது. அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை.