முத்துச்சிப்பியும் சிவப்புடல் அழகியும்

தூத்துக்குடிக் கடற்கரையின் வரலாறு முத்துச்சிப்பியோடு (பிங்க்டாடா ஃபுகாட்டா) பிணைந்தது. கொற்கைப் பாண்டியர் தொடங்கி போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் வரை இக்கரையை ஆண்ட அனைவரும் முத்துக்குளிப்பில் வருவாய் தேடினர். ஆனால் எந்த ஆண்டு சிப்பி விளையும் என்பது எவருக்கும் பிடிபடவில்லை. இதே கரையில் பறக்கும் சிவப்புடல் அழகி (பாக்லியோப்டா ஹெக்டர்) என்ற வண்ணத்துப்பூச்சியோடு ஒப்பிட்டால் காரணம் எளிதில் விளங்கும்.

இரண்டுமே முட்டையிலிருந்து இளரியாக வெளிவந்து, உருமாறி வளர்பவை. ஆனால் அலையும் பருவம் இரண்டிலும் நேர்மாறானது. சிவப்புடல் அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளின் இலையைத் தின்று அங்கேயே வளரும். சிறகு முளைத்த பிறகுதான் பயணம். இராமேசுவரம் தீவில் இவை கூட்டங்கூட்டமாகக் கடல் நோக்கிப் பறப்பதை இயற்கையியலாளர்கள் பதிவு செய்துள்ளனர். அந்தத் தாய்ப்பூச்சி செடியைத் தேடிக் கண்டுபிடித்தே முட்டையிடும்.

சிப்பிக்கு அந்தத் தேர்வு இல்லை. முட்டையும் விந்தும் கடல்நீரில் கலந்து கருவாகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இளரி ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதக்கும். பிறகு பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டில் நூலிழைகளால் ஒட்டிக்கொள்ளும். நீரோட்டம் வேறு பக்கம் இழுத்தால் அந்த ஆண்டு பார் வெறுமைதான். சுவாதி மழைத்துளியே முத்தாகிறது என்று நம்பிய காலத்தில் இதையெல்லாம் யார் யோசித்திருப்பார்கள்?

இலங்கைப் பக்கத்தில் 1892 முதல் 1902 வரை முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஆராய்வதற்காக 1902இல் வில்லியம் ஹெர்ட்மன் வந்தார். உடன் ஜேம்ஸ் ஹார்னெல். 1905இல் கோடிக்கணக்கில் சிப்பி கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் 1906இல் ஒரு நிறுவனம் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லாமல் போய், நிறுவனமும் நொடித்தது. முந்தைய விளைச்சலை நம்பிப் போட்ட கணக்கு அது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்து, பின் நின்றது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சுவாமி இங்கு வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981இல் சிப்பியின் இளரிகளைத் தொட்டியிலேயே வளர்த்துக் குஞ்சாக்கவும் முடிந்தது. அலைந்து தொலையும் பருவம் முதன்முறையாக மனிதர் கைக்குள் வந்தது. அக்குஞ்சுகள் பின்னர் பார்களிலும் விடப்பட்டன. ஆயினும் பழைய அளவிலான முத்துக்குளிப்பு தூத்துக்குடிக்குத் திரும்பவில்லை.