கங்கா மருத்துவமனைத் திறந்த காய மதிப்பெண்

கங்கா மருத்துவமனைத் திறந்த காய மதிப்பெண் என்பது, எலும்பு முறிந்து அதன் மேலுள்ள தோலும் தசையும் சிதைந்த கடுமையான கால் காயங்களை எண்ணால் மதிப்பிடும் முறையாகும். காலைக் காப்பாற்ற இயலுமா, அகற்ற நேரிடுமா என்ற முடிவுக்கு இது துணைபுரிகிறது. கோயம்புத்தூரிலுள்ள கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் தலைமையிலான மருத்துவர்கள் இதனை உருவாக்கினர். கணைக்கால் எலும்பில் ஏற்பட்ட 109 கடுமையான திறந்த முறிவுகளை ஆராய்ந்த இவர்களது கட்டுரை 2006 ஆம் ஆண்டு வெளியானது.

பின்னணி

திறந்த எலும்பு முறிவுகளை மூன்று வகைகளாகப் பிரிக்கும் குஸ்டிலோ, ஆண்டர்சன் முறை 1976 இல் வெளியானது. 1984 இல் மூன்றாம் வகை அ, ஆ, இ என மேலும் பிரிக்கப்பட்டது. இவற்றுள் 3-ஆ என்ற ஒரே பெயரின் கீழ், எளிதில் காப்பாற்றக்கூடிய கால்களும் காப்பாற்றவே இயலாத கால்களும் அடங்கிவிடுகின்றன. 1990 இல் வெளியான 'மெஸ்' மதிப்பெண் முறை இரத்த ஓட்டம் தடைபட்ட கால்களுக்கே மிகவும் பொருந்துவது. தவறான முடிவு இரு வழிகளிலும் தீங்கானது. காப்பாற்றக்கூடிய கால் இழக்கப்படலாம். அல்லது பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னரும் கால் அகற்றப்படலாம்.

மதிப்பிடும் முறை

பின்வரும் மூன்று பகுதிகளுக்கும் சிதைவின் அளவைப் பொறுத்து தலா 1 முதல் 5 வரை புள்ளிகள் வழங்கப்படும்.

* தோல் முதலிய மூடும் திசுக்கள்
* எலும்பும் மூட்டும்
* தசை, தசைநாண், நரம்பு

கீழ்க்காணும் ஒவ்வொரு நிலைக்கும் 2 புள்ளிகள் கூட்டப்படும்.

* காயத்தைத் தூய்மை செய்யும் அறுவைக்கு முன் 12 மணி நேரத்துக்கு மேல் கழிந்திருத்தல்
* சாக்கடை நீர், பண்ணைக் கழிவு ஆகியவற்றால் மாசுபடுதல்
* 65 வயதைக் கடந்திருத்தல்
* மருந்து தேவைப்படும் நீரிழிவு, இதய அல்லது நுரையீரல் நோய்
* மார்பு, வயிறு ஆகியவற்றிலும் பெருங்காயம்
* மருத்துவமனைக்கு வரும்போது மேல் இரத்த அழுத்தம் 90 க்குக் கீழ் இருத்தல்
* அதே காலில் மற்றொரு பெருங்காயம்

முடிவு காணல்

மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவெனில் காலைக் காப்பாற்ற முயலலாம். 17 அல்லது அதற்கு மேலெனில் பெரும்பாலும் அகற்ற நேரிடும். 15, 16 ஆகியவை ஐயநிலை எனப்படும்.

எடுத்துக்காட்டாக, காயத்துக்கு மட்டும் 9 புள்ளிகள் பெறும், வேறு சிக்கல் இல்லாத இளைஞரின் மொத்தம் 9 ஆகும். அதே காயத்துடன், பண்ணைக் கழிவு கலந்த நிலையில், 12 மணி நேரத்துக்கு மேல் தாமதித்துச் சிகிச்சை பெறும் 70 வயது முதியவரின் மொத்தம் 15 ஆகிவிடும். வயதை மாற்ற இயலாது. தாமதத்தைத் தவிர்த்திருந்தால் மொத்தம் 13 ஆகி, அவர் ஐயநிலைக்கு வெளியே இருந்திருப்பார்.

வரம்புகள்

இரத்தக்குழாய் அறுந்து, அதனைச் சீரமைக்க வேண்டிய 3-இ வகைக் காயங்களுக்கு இம்முறை பொருந்தாது. ஐயநிலையில் மதிப்பெண் மட்டும் முடிவைத் தருவதில்லை. எலும்பு அறுவை மருத்துவரும் ஒட்டறுவை மருத்துவரும் நோயாளியின் உடல்நிலை, வாழ்க்கைச் சூழல், விருப்பம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.