விழித்தாவல் தகவமைவு

பார்வை இலக்கைத் தவறவிடும்போது கண்ணசைவின் அளவை மூளை தானாகவே திருத்திக்கொள்ளும் திறன். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டியின் பெயர்ப்பலகையைத் தேடுபவரின் கண் சீராக நகர்வதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 3 முறை தாவுகிறது. ஒரு தாவல் பெரும்பாலும் 0.1 நொடிக்குள் முடிந்துவிடுவதால், நடுவழியில் பார்த்துத் திருத்த நேரமில்லை. பிழையைக் கண்டு அடுத்தடுத்த தாவல்களில்தான் சரிசெய்ய முடியும். 1967இல் ஆய்வாளர் மெக்லாக்லின், கண் தாவும் கணத்திலேயே இலக்கைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினார். இத்தகைய நகர்வைப் பார்ப்பவர் பொதுவாக உணர்வதில்லை. ஆனாலும் தாவல்கள் மெல்ல மெல்லக் குறுகின. மிக அழகான சோதனை இது; இன்றைய ஆய்வுகளும் இதையே அடியொற்றுகின்றன. தாவலை நீட்டக் கற்பது குறுக்கக் கற்பதைவிட மெதுவாக நடக்கும். சிறுமூளை பழுதானால் இத்திறன் குன்றும். இந்தியாவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையத்தில் கண்தாவல் கட்டுப்பாடு ஆராயப்படுகிறது.